பூச்சிக் கட்டு

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு சபதம் எடுத்தார். இனி இந்த ஜென்மத்தில் கரப்பான் பூச்சி அடிப்பதில்லை!

ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிற மனிதருக்குக் கரப்பானைப் பார்த்தால் மட்டும் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். ஆனால் அதை அடிப்பது ஆம்பளை வேலை என்று கல்யாணமான புதிதில் வீறாப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தார். அன்று பிடித்த துடைப்பம், கையை விட்டுப் போகவில்லை.

அந்த வேலையை மனைவி தலையில் கட்டத்தான் ஒரு கட்டு சேர்த்தார். மிருகம், பூச்சி படம் போட்ட சீட்டுகளை ஆளுக்கொரு கட்டாகச் சேர்த்து மோதவிடும் விளையாட்டு அது. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கினார். கடைக்கு வருகிறவர்களிடம் சிங்கம் கொடுத்துக் கொசு வாங்கினார். எல்லாம் பூச்சி! சுற்றுக்குச் சுற்று குஞ்சு பொரிக்கும் ராணி எறும்பு, மொய்த்தே கொல்லும் ஈப்படை, செத்தாலும் எழுந்து வரும் கரப்பான். அந்தக் கரப்பான் கார்டை மட்டும் கடை இடுக்கியால்தான் எடுத்தார். மிஞ்சிய தவளை, ஓணான் வகையறாவைப் பெரிய மனசோடு மனைவிக்குக் கொடுத்தார்.

காலையிலேயே விதிகளை அறிவித்தார்.

"தோத்தவங்கதான் இனிமே ஆயுசு பூரா கரப்பான் அடிக்கணும். ஆட்டம் முடியறதுக்குள்ள நாற்காலியை விட்டு எழுந்தாலும் தோல்விதான்!"

"சாயங்காலம் அடுப்புல குக்கர் இருக்குமேங்க?"

"விதின்னா விதி!"

மீசைக்குள் சிரித்துக்கொண்டார். விசில் அடித்தால் எழுந்துதானே ஆகவேண்டும்? கட்டு கைவிட்டாலும் குக்கர் கைவிடாது.

சாயங்காலம் குக்கருக்கு வேலையே இருக்காது போலிருந்தது. மனைவியின் தவளை ஒரு எறும்பைத் தின்றால் இரண்டு முளைத்தன.

"என்னங்க இது, சக்கரை டப்பாவைத் திறந்து வெச்ச மாதிரி!"

"இன்னும் ஒரே அடி. உன் கதை முடிஞ்சுது!"

"கடைசியா ஒரு கார்டு எடுத்துக்கறேனே."

அவள் கட்டைத் தூக்கினாள். அடியிலிருந்து பழுப்பாக, மீசையோடு ஒன்று சறுக்கி வந்து அவர் மடியில் விழுந்தது.

"ஐயோ!"

மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது. மனிதர் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"எழுந்துட்டீங்க."

"நாற்காலியை விட்டு எழுந்தாத்தானே? நான் நாற்காலி மேலதானே நிக்கறேன்!"

"அப்ப அப்படியே உக்காருங்க."

குனிந்து பார்த்தார். உட்கார வேண்டிய இடத்தில் அது மல்லாந்து கிடந்தது. ஒரே தாவல், கூடத்தின் மறுகோடியில் இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஈயெல்லாம் மேசை மேல் இருந்தன.

"தோத்தவங்கதானே அடிக்கணும்?" துடைப்பத்தை நீட்டினாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தார். அது எகிறிக் குதித்தது. மறுபடி அடித்தார். மறுபடி குதித்தது.

"சாகவே மாட்டேங்குதுடி! அது கிடக்கட்டும், குக்கர் ஏன் இன்னும் விசிலடிக்கல?"

"அடுப்பைப் பத்த வெச்சாத்தானே அடிக்கும்?" மனைவி கண்ணாடியைத் தேடி எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். "போதுங்க, ரப்பர் கிழிஞ்சுடப் போகுது. கழுவிக் குடுங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திருப்பிக் குடுக்கணும். நாளைக்கு அவங்க வீட்டுக்காரர் அவங்களைச் செஸ் ஆடக் கூப்பிட்டிருக்காராம்."