கடைசி இரண்டு நிமிடம் குறித்த ஆய்வுக் குழு

ஜெசிந்தன் கடைசி நேரத்தில் தேறுவானா மாட்டானா என்பதை ஆராய மூன்று பேர் கொண்ட குழு ஒன்று முறைப்படி அமைக்கப்பட்டது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஜெர்மனியில் நாலு பேர் கூடி இறைச்சி வாட்டுவதென்றாலும் சங்கம் பதிவுசெய்து, தலைவர், பொருளாளர் எல்லாம் தேர்ந்தெடுத்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். நாம் மட்டும் என்ன யோக்கியம்? நம் ஆட்கள் பொங்கல் வைக்கக் கூடினால், பால் பொங்குவதற்குள் சங்கம் இரண்டாகிவிடும்.

வால்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் கழகம் ஒன்று, பெயர் காட்டுப்பன்றிகள். அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்து, எதிரணியின் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். தாண்டினால் ஆறு புள்ளி. பந்தை முதலில் கையில் வாங்கி, அதை யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவன் குவாட்டர்பேக். ஜெயித்தால் பயிற்சியாளர் கெட்டிக்காரர், தோற்றால் குவாட்டர்பேக் சரியில்லை. உலகம் முழுக்க இதுதான் விதி.

காட்டுப்பன்றிகளின் குவாட்டர்பேக் ஜெசிந்தன். மன்னாரிலிருந்து வந்து குடியேறிய பற்றிமா அக்காவின் மகன். அந்த வருடம் ஆட்டத்துக்கு ஆட்டம் அவன் புள்ளிகளை அள்ளு அள்ளென்று அள்ளினான். இழுபறியாகப் போனவை இரண்டுதான். ஒன்றில் கடைசி நிமிடத்தில் அவன் எறிந்த பந்து நண்பன் கையில் விழுந்தது, ஜெயம். மற்றதில் எதிரி கையில் விழுந்தது, தோல்வி. இப்போது மேல் லீக்குக்கு ஏறுவதற்கான இறுதி ஆட்டம் வரப்போகிறது. அதில் ஜெசிந்தனை இறக்குவதா, வருடம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஃபெலிக்ஸை இறக்குவதா?

"உணர்ச்சி ஆதாரமாகாது" என்று சொல்லிக் குழுவை அமைத்தார் கழகத் தலைவர் கெஸ்லர். வரி அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். குழுவில் அவர் ஒருவர். பொருளாளர் பிரென்னர் அம்மாள் இன்னொருவர். கெஸ்லர் மேற்கு என்றால் கிழக்கு என்பது அவருடைய கொள்கை. மூன்றாவது ஆள் சந்திரமௌலி. "நீங்கள் இந்தியர், கணினித் துறை. எண்கள் உங்களுக்குத் தானாக வரும்" என்று அழைப்பு வந்தது.

சந்திரமௌலிக்கு அந்த ஆட்டத்தில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றுகூடத் தெரியாது. அதனால் என்ன? கடைசி ஓவரில் எவன் தேறுவான், எவன் சொதப்புவான் என்று சோபாவில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றபடி தீர்ப்புச் சொல்லி வளர்ந்த சமூகம் நாம். ஒப்புக்கொண்டார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மனிதர் வீடு வாங்க ஆசைப்பட்டு, பிடித்த வீட்டைக் கண்டுபிடித்து, வாங்கலாமா வேண்டாமா என்று எக்செல்லில் அலசினார். அலசி முடித்துப் போய்ப் பார்த்தால், வேறொருவர் வாங்கிக் குடியேறி வாசலில் ரோஜாச்செடியும் வைத்துவிட்டார். ஆகவே இன்னும் பற்றிமா அக்கா வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறார். கீழேயிருந்து இடியப்பமும் சொதியும் வந்துகொண்டிருந்ததால் பெரிய வருத்தமில்லை.

முதல் கூட்டத்தில் சந்திரமௌலி ஸ்லைடு போட்டார்.

"இரண்டே இழுபறி ஆட்டம்தான். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது."

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கடைசி ஸ்லைடில் 'அடுத்த கட்ட நடவடிக்கை' என்று ஒன்று இல்லாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். 'மேலும் இழுபறி ஆட்டங்கள் தேவை' என்று எழுதி வைத்திருந்தார்.

கெஸ்லர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் போதிய அளவு இல்லை?"

"ஜெசிந்தன் முதல் பாதியிலேயே நிறையப் புள்ளி எடுத்துவிடுகிறான். அதனால் ஆட்டம் இழுபறி ஆவதில்லை."

"ஆக, ஆதாரம் உருவாகவிடாமல் தடுப்பவர் சம்பந்தப்பட்ட நபரே."

"நான் அப்படிச் சொல்லவில்லை..."

"குறிப்பில் ஏற்றுங்கள்."

ஏற்றினார்கள். மிச்சமிருந்த இரண்டு லீக் ஆட்டங்களிலும் காட்டுப்பன்றிகள் காலத்துக்கு முன்பே ஜெயிப்பது தவிர்க்கப்பட வேண்டும் என்று உத்தரவு போனது. மறுநாள் படிக்கட்டில் ஜெசிந்தன் மறித்தான்.

"என்ன மௌலி அண்ணை, கெதியா அடிக்கக் கூடாதெண்டு கடிதம் வந்திருக்கு?"

"அது சும்மா டேட்டா கலெக்‌ஷன்பா. நீ நார்மலா ஆடு. கடைசி வரைக்கும் சுமாரா ஆடு, கடைசில மட்டும் பிரமாதமா ஆடு."

"அதெப்பிடி அண்ணை நோர்மல்?"

சந்திரமௌலி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மீட்டிங் இருப்பதாகச் சொல்லி மேலே ஏறிவிட்டார்.

ஜெசிந்தன் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. பந்தைப் பார்வையாளர் பக்கம் எறிந்தான், தடுக்கி விழுந்தான், எதிரணி புள்ளி எடுக்கக் காத்திருந்தான். முதல் ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் ஜெயித்தும் கொடுத்தான். இரண்டாவதில் கடைசி எறிதல் தவறிப்போனது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவன் முகம் செத்துக் கிடந்தது.

"முதலாவது நாம் உத்தரவிட்டு வந்த இழுபறி" என்றார் கெஸ்லர். "அழுத்தம் இயற்கையானதல்ல. கணக்கில் சேராது."

"இரண்டாவதும் நாம் உத்தரவிட்டதுதானே?" என்றார் பிரென்னர் அம்மாள்.

"தோல்வி எப்போதும் இயற்கையானது."

சந்திரமௌலி ஒருவழியாகச் சமாதானம் செய்து இரண்டையும் சேர்க்க வைத்தார். இரண்டு ஜெயம், இரண்டு தோல்வி. "ஐம்பது சதவீதம். காசு சுண்டிப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான்."

"காசு இந்தக் கழகத்தில் உறுப்பினர் அல்ல" என்றார் கெஸ்லர். "சரி, ஃபெலிக்ஸ் கடைசி நேரத்தில் எத்தனை தடவை தவறியிருக்கிறார்?"

"அவன் ஆடினதே இல்லையே!"

"கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்."

"ஒரு தடவைகூட இல்லை."

கெஸ்லர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "களங்கமற்ற வரலாறு. எனக்கு ஃபெலிக்ஸ்." உடனே பிரென்னர் அம்மாள், "எனக்கு ஜெசிந்தன்" என்றார். இருவரும் திரும்பிச் சந்திரமௌலியைப் பார்த்தார்கள். அவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார்.

அன்று மாலை பற்றிமா அக்கா சொதிச் சட்டியோடு மாடிக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பெடியனைப் பற்றி ஏதோ ஆராயிறியளாம்."

"கமிட்டிதான்க்கா ஆராயுது. நான் நம்பர் மட்டும் பாக்கறேன்."

"இவ்வளவு காலமும் எலும்பு முறிஞ்சு போயிடும் எண்ட பயத்திலை ஒரு மாட்ச்சுக்கும் நான் போகேல்லை. இதுதான் அவன்ர கடைசி மாட்ச். அடுத்த மாசம் ஹம்பேர்க்கிலை வேலைக்குப் போறான். பாரிஸிலையிருந்து தங்கச்சி ஆக்கள் காரிலை வரீனம். அவன் விளையாடுவான்தானே?"

"டேட்டா என்ன சொல்லுதோ அதான்க்கா."

"அப்ப டேட்டாவுக்கும் ஒரு கறி வைக்கோணுமோ?"

சந்திரமௌலி அசடு வழியச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. சட்டியை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பாவம், மனிதர் வாரம் முழுக்கத் தவித்தார். ஜெசிந்தன்தான் ஆட வேண்டும் என்று அவர் மனசுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கெஸ்லர் சமீபகாலமாக அவரை 'ஹெர் டாக்டர்', அதாவது 'டாக்டர் ஐயா', என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். சந்திரமௌலி டாக்டர் பட்டம் வாங்கியதில்லை. கெஸ்லரைத் திருத்தியதும் இல்லை. கடைசியில் சொதியும் கெடாமல், பட்டமும் பறிபோகாமல் ஓர் அறிக்கை தயார் செய்தார்: ஜெசிந்தனே களமிறங்குவான், கடைசி இரண்டு நிமிடத்தில் ஆட்டம் இழுபறியாக இருக்குமானால், யார் ஆடுவது என்பதைக் குழு அங்கேயே, அப்போதே, சூழ்நிலைக்கேற்ப முடிவுசெய்யும்.

"இதுவல்லவோ நிர்வாகம்!" என்று கெஸ்லர் கைகொடுத்தார்.

இறுதி ஆட்டத்தன்று மைதானம் நிறைந்திருந்தது. பாரிஸ் கார்கள் வந்துவிட்டன. வீட்டில் பொரித்த ரோல்ஸ் அடுக்கிய பெட்டியும் குளிர்பானப் பெட்டியும் இறங்கின. சந்திரமௌலியின் அலுவலக நண்பர்கள் ஸ்ரீஹரியும் விஷாலும் வந்து, ஆட்டத்தின் விதியை ஃபோனில் படித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்கள். "பையன் பினிஷர் மெட்டீரியல் இல்லடா" என்றார் ஸ்ரீஹரி. "ஆமாண்டா, அதெல்லாம் பிளட்லயே இருக்கணும்" என்றார் விஷால். பந்து யார் கையில் இருக்கிறது என்பதை இருவரும் அப்போதுதான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தன் நன்றாகவே ஆடினான். எதிரணியும் சளைத்ததல்ல. கடைசி இரண்டு நிமிடம் வந்தபோது காட்டுப்பன்றிகள் நாலு புள்ளி பின்னால் இருந்தார்கள். பந்து அவர்கள் கையில். கோடு இதோ, எட்டிப் பிடிக்கிற தூரம். ஒரே எறிதல் போதும். பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி, குழு இருந்த பக்கம் திரும்பினார்.

குழு மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூடியது.

"ஃபெலிக்ஸ்" என்றார் கெஸ்லர்.

"ஜெசிந்தன்" என்றார் பிரென்னர் அம்மாள்.

ஜெசிந்தன் ஒருபக்கம், ஃபெலிக்ஸ் ஒருபக்கம் ஹெல்மெட்டோடு எல்லைக்கோட்டில் நின்றார்கள். "என்னை விட்டுவிடுங்கள், பந்தைப் பிடிப்பதே எனக்கு மறந்துவிட்டது" என்று கெஞ்சினான் ஃபெலிக்ஸ். "ஆட்டக்காரரின் கருத்து கோரப்படவில்லை" என்றார் கெஸ்லர்.

"ஒரு நிமிஷம்" என்று சந்திரமௌலி மடிக்கணினியைத் திறந்தார். வெயிலில் திரை தெரியவில்லை. கோட்டைக் கழற்றித் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு உள்ளே பார்த்தார். ஐம்பது சதவீதம், நேற்று இருந்த அதே ஐம்பது.

விசில் ஊதியது. தாமதம் செய்ததற்குத் தண்டனையாக நடுவர் பந்தை ஐந்து கெஜம் பின்னால் கொண்டுபோய் வைத்தார், கடிகாரத்தையும் ஓடவிட்டார்.

"ஹெர் டாக்டர்?"

"காற்றின் வேகத்தைச் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால்..."

மறுபடி விசில். பந்து இன்னும் பின்னால் போனது.

"மௌலி அண்ணை, ஏதாவதொண்டு சொல்லுங்கோ!" ஜெசிந்தனின் குரல் உடைந்திருந்தது. "ஃபெலிக்ஸ் எண்டாலும் பரவாயில்லை, சொல்லுங்கோ!"

போர்த்திய கோட்டுக்குள் சந்திரமௌலிக்கு வியர்த்து ஊற்றியது. 'ஜெசிந்தன்' என்ற பெயர் தொண்டை வரை வந்தது. தவறிப்போனால்? அறிக்கையில் தன் பெயர்தானே நிற்கும்? பெயரை விழுங்கினார். விசில் ஊதியது. பார்வையாளர் பக்கமிருந்து பற்றிமா அக்காவின் குரல் மைதானத்தைக் கிழித்தது: "தம்பி! என்ர பெடியனுக்கு ஓம் எண்டு சொல்லித் துலையுங்கோ!"

"ஓம்" என்றார் சந்திரமௌலி. உடனே, "நிபந்தனைக்குட்பட்டு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஜெசிந்தன் ஓடினான். இப்போது கோடு எங்கேயோ இருந்தது. கடிகாரத்தில் ஒரு எறிதலுக்குத்தான் நேரம் மிச்சம். உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தான். பந்து கோட்டுக்குச் சற்று முன்னால் புல்லில் விழுந்தது. பாரிஸ்காரர்கள் ரோல்ஸ் பெட்டியை மூடினார்கள்.

மறுநாள் மாலை சந்திரமௌலி கதவைத் திறந்தால், வாசலில் வழக்கம்போல் இடியப்பமும் சொதியும் இருந்தன. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சட்டியைத் திறக்காமலே மேசையில் வைத்தார். தன்மேல் அவருக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் கழகத்தின் பொதுக்கூட்டம். உறுப்பினர்கள், பெற்றோர்கள் என்று மண்டபம் நிறைந்தது. கெஸ்லர் எழுந்து, குழுவின் இறுதி அறிக்கையை வாசித்தார்.

"ஐந்து இழுபறி ஆட்டங்களில் மூன்று தடவை ஜெசிந்தன் தவறியுள்ளார். ஃபெலிக்ஸ் அவர்களுக்குப் போதிய அனுபவமில்லை. ஆனால் கடும் அழுத்தத்திலும், மூன்று விசில்களுக்கு இடையிலும், தவறான முடிவு ஒன்றுகூட எடுக்காதவர் நம்மிடையே ஒருவர் இருக்கிறார்." மண்டபம் திரும்பிப் பார்த்தது. "ஹெர் டாக்டர் சந்திரமௌலியை விளையாட்டுப் பிரிவின் இயக்குநராக முன்மொழிகிறேன். ஆதரிப்போர்?"

கைகள் எழுந்தன. பிரென்னர் அம்மாள்கூடத் தூக்கிவிட்டார். "எதிர்ப்போர்?" என்று கெஸ்லர் கேட்டபோது ஒரு கையும் எழவில்லை. பின்வரிசையில் விஷால் படம் பிடித்து, "நம்ம ஆள்!" என்று வாட்ஸப் குழுவில் போட்டார். கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன.

மறுக்க வேண்டும் என்று சந்திரமௌலி உறுதியாக முடிவெடுத்தார். எழுந்து நின்று, 'தவறியது ஜெசிந்தன் இல்லை, நான்தான். நான் டாக்டரும் இல்லை' என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் முதலில் நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா? இரண்டுக்கும் சாதக பாதகம் இருந்தது. அவர் ஒரு முடிவுக்கு வந்து எழுந்தபோது, எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஜெசிந்தன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். சந்திரமௌலி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனார்.

"ஜெசிந்தன், இது அநியாயம்பா. உனக்குத் தெரியும்ல? கெஸ்லர் 'எதிர்ப்போர்?'னு கேட்டாரே, நீயாவது கை தூக்கியிருக்கலாமே!"

"தூக்குவம் எண்டுதான் இருந்தன் அண்ணை." ஜெசிந்தன் தலையைச் சொறிந்தான். "இப்ப தூக்கிறதோ, கொஞ்சம் பொறுத்துத் தூக்கிறதோ எண்டு யோசிச்சன். அதுக்கிடையிலை முடிஞ்சுபோச்சு."