டாக்டர் ஓட்டிய பியட்

"சார், கொஞ்சம் நிறுத்துங்க. நான் இறங்கிக்கறேன்" என்றார் கார் வாங்க வந்த ராஜகோபால்.

லோகநாதன் அப்போதுதான் சாவியைத் திருப்பியிருந்தார். சேலையூர்த் தெருவில் வண்டி இன்னும் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் அது போட்ட உறுமலில் எதிர்வீட்டு மாடியிலிருந்த காக்கைகள் கிளம்பி மாடம்பாக்கம் பக்கமாகப் போய்விட்டன.

"என்ன சார் சத்தம் இது?"

"ரெட்டைக் கார்புரேட்டர் சார். சோழவரத்துல ரேஸ் ஓடின வண்டி."

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

லோகநாதனுக்குப் பொய் வராது. "ஆறு" என்றார்.

ராஜகோபால் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார்.

குவைத் சண்டையால் பெட்ரோல் விலை ஏறிய வருஷம் அது. அந்த பியட்டின் வேகத்துக்காக லோகநாதன் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் இப்போது அதன் விலையைக் குறைத்தது. சைலன்சர் மாற்றியதற்கு ஒரு குறைப்பு, ஸ்டியரிங் மாற்றியதற்கு ஒரு குறைப்பு. ஒன்றுமே செய்யாமல் ஷெட்டில் தூங்கிய பியட்டுகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. உலகத்தில் சோம்பேறிகளுக்குத்தான் காலம்.

விற்க அவருக்கு ஆசையா என்ன? ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வரை அதை விரட்டிவிட்டு வந்தால்தான், பாரிமுனை இன்சூரன்ஸ் ஆபீசின் மற்ற நாட்களை அவரால் தாங்க முடியும். ஆனால் கூடுவாஞ்சேரியில் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து கிளியம்மாளுக்கு வாடகை வீடுதான். நிலம் சும்மா கிடந்தாலே விலை ஏறும், கார் சும்மா நின்றாலும் விலை இறங்கும். இதை நினைத்து நினைத்துத் தூக்கம் போய், "வண்டியை வித்துட்டு மனை வாங்கிடலாமா?" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றாள் கிளியம்மாள்.

"உங்க இஷ்டம்" என்றால் "இன்னுமா செய்யல?" என்று அர்த்தம் என இத்தனை வருஷ இல்லறத்தில் அவர் கற்றிருந்தார். ப்ரோக்கரைக்கூட அவளே பிடித்துக் கொடுத்தாள். அவளுக்கு ரவிக்கை தைக்கும் சித்திகாவின் தம்பி அமீருதீன்.

அமீருதீன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "ரேஸ் வண்டின்னு சொன்னா எவனும் கிட்ட வரமாட்டான் சார். டாக்டர் ஓட்டின வண்டின்னு சொல்லு. கண்ண மூடிகினு வாங்குவான்."

"நான் டாக்டர் இல்லையேப்பா."

"வண்டியத்தான சார் விக்கிற, உன்னையா விக்கிற?"

சொல்லிக்கொண்டே முன் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கூட்டல் குறியை ஒட்டிவிட்டான்.

இருட்டோடு எலெக்ட்ரிக் ட்ரெயினுக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிற மனிதர் என்ன வேலை பார்க்கிறார் என்பது அதுவரை தெருவுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு காலையில் கார் பார்க்க ஒருவர் வந்தபோது, இருமலும் பேதியுமாக வாசலில் ஒரு வரிசை நின்றது.

"பின்னாடி போய் நில்லு சார். நாங்கல்லாம் விடியறப்பவே வந்து கீறோம்" என்று அவரையும் வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

லோகநாதன் அமீருதீனைத் தேடிப் பிடித்தார்.

"இதுக்கு ஏன் சார் கவலப்படற? மாட்டு டாக்டர்னு சொல்லிடு. கூட்டம் கலைஞ்சுடும்."

கூட்டம் கலைந்தது. அதற்கடுத்த பார்ட்டி வந்து இறங்கியபோது, ராஜகீழ்ப்பாக்கத்துச் செல்லியம்மாள் தன் கறவை மாட்டை பியட்டின் பம்பரில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா தவுடு துன்னல டாக்டரே. இன்னான்னு பாரு."

"அம்மா, நான் டாக்டரே இல்லை."

"ஞாயித்துக்கெழம பாக்கமாட்டியா? அப்ப நாளைக்கு வரட்டா?"

வந்த பார்ட்டி நழுவுவதற்குள் எஞ்சினையாவது காட்டிவிடலாம் என்று லோகநாதன் சாவியைத் திருப்பினார். மாடு பம்பரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. மாட்டின் பின்னால் செல்லியம்மாள் ஓட, பம்பரின் பின்னால் லோகநாதன் ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது பார்ட்டி போயிருந்தது. கிளியம்மாள் ஜன்னலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பாவம், அழுகிறாள், மனை கைநழுவிப் போகிறதே என்ற கவலை என்று அவருக்கு மனசு கனத்தது.

"பம்பர் இல்லாட்டி இன்னா சார்? வெயிட்டு கம்மின்னு சொல்லிக்கலாம்" என்றான் அமீருதீன்.

இப்படியே ஐப்பசி போய் தை பிறந்தது. ஒரு சாயங்காலம் அமீருதீன் மூலமாக இல்லாமல், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, அடையாறிலிருந்து கேசவன் என்ற இளைஞன் வந்தான். சோழவரத்தில் ஒரு ரேஸ் விடாமல் பார்த்தவனாம். மைலேஜ் கேட்கவில்லை. பம்பர் எங்கே என்றும் கேட்கவில்லை. எஞ்சின் உறுமியதும் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொரு தடவை ஆக்ஸிலேட்டர் குடுங்க சார்."

லோகநாதன் கொடுத்தார். அந்த முகத்தையே பார்த்தார். வண்டியின் அருமை தெரிந்த ஒருவன் வரமாட்டானா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பார். வந்துவிட்டான். அவனே அதைக் கொண்டு போகவும் போகிறான்.

"சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன் சார். நாளைக்கு அட்வான்ஸோட வர்றேன்."

அவன் போன பிறகும் லோகநாதன் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று யோசித்தார். கூடுவாஞ்சேரிக்குப் போய் மனையைப் பார்த்துவிட்டு வரலாம். பஸ்ஸில். கண் கலங்கியது. கிளியம்மாளுக்காகத்தானே என்று துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அமீருதீன் சைக்கிளில் வந்தான்.

"முடிஞ்சுதுப்பா. சொன்ன விலைக்கே போயிடுச்சு. நீ கூட்டிட்டு வந்த ஆள் இல்லாட்டியும் உன் கமிஷனை நான் குடுத்துடறேன்."

அமீருதீன் சைக்கிளை அப்படியே கீழே விட்டான். "பேஜார் பண்ணிட்டியே சார். அந்தாள வரவேணாம்னு சொல்லிடு."

"ஏன்? கமிஷன் பத்தாதா?"

அமீருதீன் சமையலறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அதில்ல சார். இந்த வண்டிய விக்கவிடாம பாத்துக்கத்தான் கிளியக்கா எனக்கு மாசாமாசம் கமிஷன் குடுத்துகினு கீறாங்க."