பிளாஸ்ரிக் அண்ணை லமினேற் பண்ணிய பெர்மெஸ்ஸோ

இத்தாலியின் பலெர்மோவில் கடல் ஒன்றைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் அண்ணை லமினேற் பண்ணிவிட்டார். கடல் தப்பியதும் அவருடைய மெஷினின் வாய்க்குள் அது போகாத காரணத்தால்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த நகரத்தின் சீசா என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். நாலு பேர் யாழ்ப்பாணம், அவர் மன்னார். அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போட்டுக்கும் பாதிரியாருக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் அந்த லமினேற் மெஷினை வாங்கி, கைக்குழந்தையைப் போலத் துவாயால் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு வேகும் மணத்தைவிட பிளாஸ்ரிக் வேகும் மணம்தான் தூக்கல்.

ஞானஸ்நானப் பத்திரம், கலியாணக் கார்ட், ஆஸ்பத்திரித் துண்டு, எதையும் விடமாட்டார். லண்டனிலிருந்து யாரோ கொண்டுவந்த கறிவேப்பிலையில் ஒரு கொத்தை எடுத்து லமினேற் பண்ணிச் சுவரில் ஒட்டினார்.

“இனி அது மணக்காதே அண்ணை?”

“மணக்காதுதான். ஆனா வாடாது. ரெண்டும் வேணுமெண்டு கேக்கப்படாது தம்பி.”

ஒருமுறை பஸ் ரிக்கற்றையும் லமினேற் பண்ணிவிட்டார். பஸ்ஸுக்குள் இருந்த மெஷின் அதில் முத்திரை குத்த முடியாமல் முக்கியது. ரிக்கற் பார்க்க வந்தவர் தலையில் கைவைத்தார். இவர் அசையவில்லை. “ரிக்கற் இருக்கு. நனையாமல் இருக்கு. இனி என்ன வேணும் உனக்கு?” என்று தமிழிலேயே கேட்டார்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஊரில் மழைக்குள் சைக்கிளில் போனபோது அடையாள அட்டை நனைந்து படம் ஊறிவிட்டதாம். சோதனைச் சாவடியில் ஒரு பகல் முழுக்க முழங்காலில் இருத்தி வைத்தார்களாம். “அண்டைக்கு முடிவெடுத்தனான், இனி ஒரு தமிழன்ரை பேப்பரும் நனையப்படாது.”

அந்த முடிவு என் தலையில் வந்து விழுந்தது.

நகரத்தின் கால்சாப் பகுதியில், நாங்கள் சினோறா என்று கூப்பிடும் ஒரு வயோதிப இத்தாலிய அம்மாவின் வீட்டில் நான் ஏழு வருடமாக வேலை செய்தேன். வேலை செய்ய அனுமதி தரும் பெர்மெஸ்ஸோ அப்போது வெறும் காகிதம். அதை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிலம் துடைப்பதைக் கேள்விப்பட்டதும் அண்ணை பாய்ந்து பறித்தார். “குடு இஞ்சை. நீ வேர்க்கிற மனுசன்.” இரண்டு நிமிடத்தில் அது பளபளவென்று வெளியே வந்தது.

சில மாதம் கழித்து சினோறாவின் மருமகன் ஒரு கடிதத்தோடு வந்தார். வெளிநாட்டவரை வேலைக்கு வைத்திருப்பவர்கள், எத்தனை வருடம் பழகினவராக இருந்தாலும், பெர்மெஸ்ஸோவைப் பார்த்து கொப்பி எடுத்து வைக்க வேண்டுமாம். சினோறாவுக்கு என் முகத்தைப் பார்க்கவே வெட்கம். அடுப்பைப் பார்த்துத்தான் கதைத்தார்.

“ஏழு வருசமா என்ரை வீட்டுத் திறப்பு உன்ரை சாவிக்கொத்திலை. இப்ப நான் உன்னை ‘ஆர் நீ’ எண்டு கேக்கோணுமாம்.”

நான் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். மருமகன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வடிவா இருக்கு. ஆனா இந்த மாசத்தோடை முடியுது. புதுப்பிச்சுக்கொண்டு வாரும்.”

குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் கந்தோரில், அதிகாரி அதை நகத்தால் தட்டினார். டொக், டொக். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். “பார், கடற்கரைக் கடை மெனு மாதிரி!” சிரித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “புதுப்பிக்கிற முத்திரை பின்பக்கத்திலை குத்தோணும். இதிலை எங்கை குத்த? படம் மாத்தினதோ எண்டும் எனக்குத் தெரியாது. விசாரிச்சுப் புதுசு தர ரெண்டு மூண்டு மாசம் செல்லும்.”

மருமகன் கெட்டவர் இல்லை, பயந்தவர். “அதுவரைக்கும் வேறை ஆளைப் போடுவம்” என்றார். வேறு ஆள் வந்தால் அந்த வீடு போனது போனதுதான் என்பது பலெர்மோத் தமிழருக்கெல்லாம் தெரியும். எனக்கு அது வீட்டு வேலை மட்டுமில்லை. ஐந்து வருடத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டிவிட்டு வந்த மனைவியையும், படத்தில் மட்டும் பார்த்திருந்த நாலு வயது மகளையும் கூப்பிட, சினோறாவின் வேலைக் கடிதம் வேண்டும். வேலை போனால் கடிதமும் இல்லை, பிள்ளையும் இல்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அண்ணை இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, துவாயை விரித்து, பிளாஸ்ரிக்கை உரிக்கத் தொடங்கினார். உரிந்தது. படத்தில் இருந்த என் மீசையில் பாதியும் அதோடு உரிந்து வந்தது.

“இளமையாத்தான் இருக்கிறாய்” என்றார் மெல்ல.

“அண்ணை, தயவுசெய்து இனி ஒண்டையும் தொடாதேங்கோ!”

இரண்டு நாள் அவர் என் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் காலை, திறப்பைக் கொடுத்துவிட்டு வரக் கால்சாவுக்குப் போனேன். கதவைத் திறந்தது ஏப்ரன் கட்டிய பிளாஸ்ரிக் அண்ணை.

“அண்ணை, நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?”

“வேலை செய்யிறன். மொண்டெல்லோக் கடற்கரை ரெஸ்ரோறன்ற்றை விட்டிட்டன்.”

“ஆறு வருசமா இருந்த இடமெல்லே!”

“வேறை ஆள் வந்தா வீடு போயிடும். நான் நிண்டா வீடு உன்ரை. உன்ரை பேப்பர் வந்த அண்டைக்கு நான் இறங்கிறன்.”

மருமகன் அவருடைய பெர்மெஸ்ஸோவைச் சோதித்தாராம். சுத்தமான காகிதம், பின்பக்கம் முத்திரைகள், இன்னும் ஒன்றரை வருடம் இருந்ததாம்.

“உங்கடையை ஏன் நீங்கள் லமினேற் பண்ணேல்லை?”

“நேரம் எங்கை கிடைச்சது? உங்கள் எல்லாற்றை பேப்பரே முடியேல்லை.”

மூன்று மாதம் அந்த வீட்டைக் காத்தார். இடையில் சினோறா எனக்குப் போன் எடுத்தார். “உன்ரை ஆள் தங்கமானவன். ஆனா பாஸ்தாவைக் கஞ்சியாக்கிறான். என்ரை மனுசன்ரை படம், கரண்ட் பில், சோஸ் வைக்கிற குறிப்பு எல்லாம் பளபளக்குது. கெதியா வா மகனே, இனி என்னையும் அந்த மெஷினுக்குள்ளை விட்டிடுவான்!”

புதிய பெர்மெஸ்ஸோ வந்தது, முழு மீசையோடு. அண்ணை திறப்பை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். மொண்டெல்லோவில் அவருடைய இடத்தில் வேறு ஒருவர் நின்றார். அதற்குப் பிறகு சீசாவில் மாடிவீடுகளின் படிகளைக் கழுவினார். “படி ஏறி இறங்கினா முழங்காலுக்கு நல்லதாம்” என்றார். எந்த டொக்டர் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவர் முழங்கால் மடங்கும் சத்தம் அடுத்த அறையில் படுத்திருந்த எனக்குக் கேட்கும்.

மனைவியும் மகளும் வந்த நாளில் ஐந்து பேரும் விமான நிலையத்துக்குப் போனோம். அண்ணை மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். மகள் என்னைக் கண்டு வெருண்டு தாயின் சேலைக்குள் ஒளிந்தாள். பிறகு தலையை நீட்டித் தூணைக் காட்டினாள்.

“அவர் ஆர்?”

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லாம் பெண்கள்தான். மனைவிக்கும் அது தெரியும்.

“அவர் உன்ரை பெரியப்பா” என்றேன்.

மகள் உடனே நம்பிவிட்டாள். அண்ணைதான் கொஞ்ச நேரம் தூண் பக்கம் திரும்பி நின்றார்.