ஓர் அரிசி அளவு பேஸ்ட்

“அரிசி அளவுன்னா பச்சரிசியா, புழுங்கலரிசியா?”

“சமைக்கவா போறீங்க சார்? பிராசஸர் மேல வைக்கப் போறீங்க. ஃபேனை வச்சு அமுக்கினா தானா பரவிடும்.”

“ரொம்ப சூடாறது. தொட்டுப் பார்த்தா தோசைக்கல்லு மாதிரி இருக்கு.”

“அய்யோ, தொடாதீங்க சார்!” என்று பதறினாள் ஷம்ஷாத்.

தி. நகரில், குறுகலான படியேறிப் போக வேண்டிய மாடிக் கடை அது. கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் விற்கும் மாமா இனாயத்துக்குக் கவுன்டரில் ஷம்ஷாத்தான் துணை. எதிரே நின்ற சுஹாஸ் மயிலாப்பூர்க்காரன், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. சனிக்கிழமைதோறும் நாலரை மணிக்கு வருவான். மூன்று மணிக்கே அவள் கண் படிக்கட்டுக்குப் போய்விடும்.

பிராசஸர் சூட்டைத் தணிக்கும் பேஸ்ட் கடையில் இரண்டு வகை இருந்தது. வெள்ளை சுமார் ரகம். இன்னொன்று வெள்ளித்தூள் கலந்த சிங்கப்பூர்ச் சரக்கு. அதை ஒரு தடவை தடவினால் சூடு தீர்ந்தது. வாங்கினவர் அப்புறம் அந்தப் படியே ஏற மாட்டார்.

ஷம்ஷாத் வெள்ளையை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை, “பத்து நிமிஷத்துல கம்ப்யூட்டர் தானா அணைஞ்சுடறது” என்றான்.

“பழசைத் துடைக்காம மேலேயே தடவியிருப்பீங்க. ஸ்பிரிட்டால துடைச்சுட்டுப் போடுங்க.” மறுபடியும் வெள்ளை.

அதற்கடுத்த வாரம், “இப்போ அஞ்சு நிமிஷந்தான்.” பெரிய ஃபேன் ஒன்றைக் கொடுத்து, கேரண்டிக்காக நோட்டில் விலாசம் எழுதச் சொன்னாள். அவன் இறங்கிப் போனதும், மனப்பாடம் ஆகும்வரை அதைப் படித்தாள்.

நாலாவது வாரம் விஷயம் முற்றிவிட்டது. “அந்த ஃபேன் கிரைண்டர் மாதிரி சத்தம் போடறது. மாடியாத்துல சண்டைக்கு வரா. நேத்திக்குப் புகை வாசனைகூட வந்தது.”

ஷம்ஷாத்தின் கை வெள்ளித்தூள் பேஸ்ட் இருந்த டிராயர்வரை போயிற்று. கொடுத்துவிட்டால் இனி சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் என்ன வித்தியாசம்? கை திரும்பி வந்துவிட்டது.

“பெட்டி மூடியைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி வைங்க. எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க.”

“கண்டிப்பா வந்து சொல்றேன்.” புகைகிற கம்ப்யூட்டரின் சொந்தக்காரன் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி அவள் பார்த்ததில்லை.

பேப்பருக்குப் பின்னாலிருந்து இனாயத்தின் குரல் வந்தது. “இன்னா சார், மாசம் பூரா பேஸ்ட்டே தடவிக்கினு கீறீங்க? பெட்டியைத் தூக்கினு வாங்க, நானே பாத்துடறேன்.”

சுஹாஸின் முகம் வெளுத்தது. “அது... ரொம்ப கனம் சார்” என்று இறங்கிப் போனவன் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

“மெஷின் எரிஞ்சு போயிருக்கும், வுடு” என்றார் இனாயத்.

அவளால் அப்படி விட முடியவில்லை. எரித்தது யார் என்று அவளுக்கல்லவா தெரியும்? மூன்றாவது சனிக்கிழமை, வெள்ளித்தூள் பேஸ்ட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பட்டினப்பாக்கம் பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். ‘நல்ல பேஸ்ட் இருந்தும் கொடுக்கலை சார். கொடுத்தா நீங்க அப்புறம்...’ அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நகரவில்லை. லஸ்ஸில் இறங்கிவிட்டாள்.

சித்ரகுளத்துப் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்த அம்மாளின் விரலெல்லாம் வாழைப்பூக் கறை.

“சுஹாஸ் சார் வீடுதானே? கம்ப்யூட்டர் கடையிலேர்ந்து வரேன்மா. அவர் கம்ப்யூட்டர் எரிஞ்சு போயிருந்தா அது முழுக்க என் தப்புதான்” என்று மூச்சுவிடாமல் சொல்லி, பேஸ்ட்டை நீட்டினாள்.

அந்த அம்மாள் பேஸ்ட்டைப் பார்த்தாள். பிறகு வியர்த்திருந்த அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“எங்காத்துல கம்ப்யூட்டரே கிடையாதேம்மா. ரெண்டு வாரமா சனிக்கிழமையானா நாலரை மணிக்குக் கிளம்பி, குளத்தைச் சுத்திச் சுத்தி வந்துண்டிருக்கான். இப்போ வந்துடுவான், நீ உள்ளே வந்து செத்த உட்காரேன்?”