முனியப்பனுக்கு வாங்கிய பெர்மிட்

ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்காமல், ‘குடிக்காவிட்டால் இவருக்கு ஆகாது’ என்று அரசாங்க முத்திரை வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்திருப்பார். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் கணக்கு எழுதும் ரைட்டர். நான் அவருக்கு அசிஸ்டென்ட். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளைத் தவிர அது புழங்கியதில்லை. ஏற்காடு மலை முழுக்க அவர் ‘பெர்மிட் ரைட்டர்’தான்.

அது எழுபதுகளின் பின்பாதி. மதுவிலக்கு அமலில் இருந்தது. குடிக்காவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால், பணம் கட்டி பெர்மிட் வாங்கலாம். பெர்மிட்டைக் காட்டினால் சேலத்துக் கடையில் பாட்டில் கிடைக்கும். இல்லாதவர்கள் ஓடைக்கரையில் காய்ச்சியதைக் குடித்துவிட்டு, போலீஸ் வந்தால் காட்டுக்குள் ஓடுவார்கள்.

எங்கள் எஸ்டேட் முனியப்பனுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கும் முன் அவருக்கு ஒரு சேவலும் ஒரு பாட்டிலும் வைத்தாக வேண்டும். வைக்காமல் ஒரு ஆள் கூடையைத் தொடமாட்டார். காலகாலமாக ஓடைக்கரைச் சரக்குதான் போய்க்கொண்டிருந்தது. ரைட்டர் வேலைக்கு வந்தார், வந்தது வினை. பூசைக்கு வாங்கிய சேவலுக்கும் பஸ்ஸில் டிக்கெட் கொடு என்று கண்டக்டரோடு மல்லுக்கு நின்ற ஆசாமி அவர்.

“சாமிக்குத் திருட்டுச் சாராயமுங்களா? நாளைக்குக் கேசு ஆச்சுன்னா முனியப்பனுக்கு யாருங்க ஜாமீன் எடுக்கறது?” என்று மேஸ்திரி வெள்ளையனைக் கேட்டார். பழம் பறிக்கும் ஆட்களுக்கெல்லாம் தலைவர் வெள்ளையன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

சேலத்து ஆபீசுக்குப் போய், முனியப்பன் பேரிலேயே பெர்மிட் கேட்டார் ரைட்டர். அங்கிருந்த கிளார்க் சிரிக்கவே இல்லை.

“வயசு என்னங்க?”

“தெரியாதுங்க. எஸ்டேட்டுக்கு மூத்தவரு.”

“டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்களா?”

“கல்லுங்க. தூக்கறதுக்கே நாலு ஆளு வேணும்.”

டாக்டரிடம் உங்கள் பேரிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார் கிளார்க். அடுத்து டாக்டர். நானும் கூடப் போயிருந்தேன்.

“தினம் எவ்வளவு குடிப்பீங்க?” என்றார் டாக்டர்.

“குடிக்கறதே இல்லீங்க.”

“அப்போ, பெர்மிட் கிடைக்கலேன்னா உங்களுக்கு என்ன செய்யும்?”

“எனக்கு ஒண்ணும் செய்யாதுங்க. காப்பிதான் பழுத்துக் கொட்டிப்போயிருமுங்க. அதைப் பாத்தா எனக்குத் தூக்கம் வராதுங்க.”

டாக்டர் பேனாவை எடுத்து, மது கிடைக்காவிட்டால் இவருக்குத் தூக்கம் கெடும் என்று எழுதினார். ஒரு எழுத்து பொய்யில்லை.

அதன்பிறகு வருஷா வருஷம் பணம் கட்டும் வைபவம். பெர்மிட்டுக்கு ஒரு கட்டணம், புதுப்பிக்க ஒரு கட்டணம், பாட்டில் விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி தனி. ஒவ்வொரு வருஷமும் ஏறிக்கொண்டே போகும். எல்லாம் அவர் கைக்காசு. சாமி காரியத்துக்கு முதலாளியிடம் கேட்பது முறையல்ல என்பார். “குடிக்கறவனுக்கு வரி போடட்டும், வேண்டாங்கலீங்க. மண்ணுல ஊத்தறவனுக்கு எதுக்குங்க வரி?” என்று மேலிடத்துக்கு மனுமேல் மனு போட்டார். மேலிடம் வாயைத் திறக்கவில்லை.

பாட்டிலோடு மலையேறும்போது, அடிவாரத்துச் செக்போஸ்டில் யாரும் கேட்காமலேயே பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்க் காட்டுவார். தானாக வந்து பாட்டிலைக் காட்டும் மனிதரைக் கான்ஸ்டபிள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. சந்தேகம் வந்துவிட்டது. வாயை ஊதச் சொன்னார், பையைக் கொட்டச் சொன்னார். பஸ் போயே போய்விட்டது. “அவரு கடமையச் செய்யறாருங்க” என்று பூரித்துப்போய், அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

ஆனால் பெரிய கொடுமை முனியப்பன் சந்நிதியில்தான் நடந்தது. படைத்ததில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மிச்சத்தை ஆட்கள் ஆளுக்கொரு வாய் குடிப்பது மலை வழக்கம். ரைட்டர் முழு பாட்டிலையும் மண்ணில் கவிழ்த்தார்.

“ஏனுங்க ரைட்டரய்யா, எங்களுக்கு?” என்று பதறினார் வெள்ளையன்.

“பெர்மிட்டு எம்பேருல இருக்குதுங்க. உங்களுக்குக் குடுத்தா சட்டப்படி குத்தமுங்க.”

பிறகு பாட்டிலுக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் ஊற்றினார். அந்த மண்ணை ஆட்கள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. நாலாம் வருஷம், பறிப்புக்கு முன்னால், அவர் மகள் விஜயாவைப் பெண் பார்க்கச் சேலத்திலிருந்து வந்தார்கள். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டிருக்கிறார்கள். “ஓ, பெர்மிட் ரைட்டர் ஊடுங்களா?” என்று உற்சாகமாக வழி சொல்லியிருக்கிறான் ஒரு ஜீப் டிரைவர்.

பஜ்ஜித் தட்டு வந்ததும், “அதென்னங்க பெர்மிட்டு?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

வேறு யாராக இருந்தாலும் பஸ் பெர்மிட் என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். இவர் உள்ளே போய் பெர்மிட்டையும் டாக்டர் எழுதியதையும் கொண்டுவந்து கையில் கொடுத்தார். “குடிக்கறது நானில்லீங்க, முனியப்பன்” என்றார். எந்தக் குடிகாரனும் சொல்லக்கூடிய பதில்தான். பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

“அந்தக் கருமத்தக் கிழிச்சு அடுப்புல போடுங்க!” என்று அழுதார் அவர் மனைவி.

“கவர்மெண்டு குடுத்தது அம்மிணி. கிழிச்சாக் குத்தம்” என்றார் ரைட்டர். விஜயாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆபீசில் ரைட்டர் ஆள் கணக்குக்கூட எழுதாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி கேட்ட வெள்ளையன், ரைட்டருக்குத் தெரியாமல் நாலைந்து ஆட்களோடு சேலத்துக்குக் கிளம்பினார். வழிகாட்ட நான். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று வெள்ளையன் பேசியது இதுதான்:

“அவரு குடிகாரரா இருந்திருந்தா எங்களுக்கு நொம்ப நல்லா இருந்திருக்குமுங்க. குடிக்கறவன் பக்கத்துல நிக்கறவனுக்கு ஒரு வாயாவது குடுப்பானுங்க. இவரு மூணு வருசமும் முழுசா மண்ணுல ஊத்துனாருங்க. எங்க கண்ணு முன்னால! பாட்டலக் கழுவி, அந்தத் தண்ணியையும் ஊத்துனாருங்க...”

மேலே பேச முடியாமல் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். கூட வந்தவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். நடிப்பே இல்லை. மூன்று வருஷத் துக்கம்.

மாப்பிள்ளையின் அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார்.

“பிராந்திங்களா?” என்றார் மெதுவாக.

“சீல் ஒடைக்காத பிராந்திங்க.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். இப்படி ஒரு வயிற்றெரிச்சலை யாரும் ஜோடித்துச் சொல்ல முடியாது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். “சம்பந்திகிட்ட நாள் பாக்கச் சொல்லுங்க” என்றார்.

நான் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது ரைட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

அந்த வருஷப் பூசையில் சீலை உடைத்து ஊற்றத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார். பாட்டிலை மெதுவாகக் கல்மேல் வைத்தார். “அசிஸ்டென்ட், இப்புடி வாங்க. இந்த மொளகுக் கொடி என்னமாக் காய்ச்சிருக்குது பாருங்க” என்று என்னையும் இழுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கொடியில் அப்படியொன்றும் காய் இல்லை. பின்னால் யாரோ செருமினார்கள், யாரோ அடக்கமாகச் சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை. பயத்தில் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. ஆனாலும் நின்றார்.

நானும் அந்தக் காய்க்காத கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பெரிய மனிதர்கள் பக்கத்தில் அப்புறம் நின்றிருக்கிறேன். அன்றைக்குப்போல மனசு நிறைந்து நின்றதில்லை.