சம்பந்தி கொடுத்த பூட்ஸ்

அன்பும் பண்பும் மரமும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளைக் கட்டியவனைப் பெற்றவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், என் மகன் நலம், உங்கள் மகள் ரொம்பவே நலம். மரங்கள்தான் நலமில்லை. அங்கு உங்கள் முழங்கால், சம்பந்தியம்மாவின் கோபம், உங்கள் தோப்பு ஆகிய மூன்றின் நலத்தையும் அறிய ஆவல். மூன்றாவதை மட்டுமாவது உண்மையாக எழுதவும்.

போனில் பேசாமல் இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் காதுக்கு எட்ட வேண்டுமென்றால் நீங்கள் கத்த வேண்டும். நீங்கள் கத்தினால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பொண்ணுக்குக் கேட்டுவிடும். விஷயமோ அவள் காதில் விழக் கூடாத விஷயம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நான் லாரி ஓட்டியவன். நீங்களோ ஆபீஸில் அடுத்தவன் எழுதியதைத் திருத்தித் திருத்தியே ரிட்டயர் ஆனவர். உங்களுக்கும் கொஞ்சம் பொழுது போகட்டும்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் நிற்கிற என் பைன் மரங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நாற்றுப்பண்ணையில் கோணல், சொத்தை என்று ஒதுக்கித் தள்ளிய கன்றுகளை லாரியில் என் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுவந்து நட்டேன். இன்றைக்கு எல்லாம் வீட்டுக் கூரையை எட்டிப் பார்க்கிற உயரம். அந்த மரங்களுக்கு இந்த வருஷம் கீழ்க்கிளையிலிருந்து ஊசியிலை சிவந்துகொண்டே வந்தது. சரி, தாகம் போலிருக்கிறது என்று, ரப்பர் குழாயை எடுத்து ஏணி மேல் ஏறிக் காலையும் மாலையும் உச்சியிலிருந்து தண்ணீர் அடித்தேன். பக்கத்து வீட்டுத் தையற்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன பெரியவரே, சோப்பு போடலியா?" என்று கேட்டார். "நீங்க முதல்ல குளிங்க, மிச்சம் இருந்தா இதுகளுக்குப் போடுறேன்"னு சொன்னேன். அன்றிலிருந்து என் சட்டைக்குப் பட்டன் தைத்துத் தர மாட்டேன் என்கிறார்.

வேலையாக வெளியூர் போயிருந்த உங்கள் மகள் திரும்பி வந்து, ஏணி மேல் நின்ற என்னைப் பார்த்ததும் போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம், எனக்கே கேட்டது! "மாமா! இறங்குங்க! அது தாகமில்ல, பூஞ்சை நோய். ஈரம்னா அதுக்கு விருந்து. தண்ணி தெறிக்கத் தெறிக்க ஒரு கிளையிலேர்ந்து இன்னொரு கிளைக்குப் போகும். நீங்க அதைக் குளிப்பாட்டி, தோள்ல தூக்கி வச்சு ஊர்வலம் விட்டிருக்கீங்க!" மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவளை மருமகளாக எடுத்தால் இப்படித்தான். நம் தோப்பு நோயாளி, நான் குற்றவாளி.

அப்புறம் சாப்பாட்டு மேசை அவளுடைய ஆபீஸ் ஆகிவிட்டது. ஊசியிலைகளை வெள்ளைத் தாளில் வரிசையாகப் படுக்க வைத்து, பூதக்கண்ணாடி கொடுத்து, "பாருங்க மாமா" என்றாள். பார்த்தேன். இலைக்கு இலை சிவப்பாய் ஒரு பட்டை, பட்டைக்குள் கறுப்பாய்ப் பொடிப்பொடியாய்ப் புள்ளி. "சாப்பிட்ட எடத்துல மிளகுத்தூள் சிந்திடுச்சும்மா" என்றேன். "மிளகுத்தூள் இல்ல, அதான் பூஞ்சை. அதுலேர்ந்துதான் வித்து கிளம்பும்" என்றாள். அன்று ராச்சாப்பாட்டை நாங்கள் மூன்று பேரும் மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் கொல்லைக் கதவுக்கு வெளியே ஒரு தட்டு நிறைய மருந்துத் தண்ணீர். தோப்புக்குப் போனாலும் வந்தாலும் அதில் மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். செருப்பில் ஒட்டிக்கொண்டு நோய் ஊர் விட்டு ஊர் போகுமாம். உங்கள் மாப்பிள்ளை படித்தவன் இல்லையா, புதுச் செருப்பு கெட்டுவிடும் என்று அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலை நனைத்துவிட்டுப் போனான். பொண்டாட்டி பார்த்துவிட்டாள். "நோய் உங்க கால்லயா இருக்கு? செருப்புல இருக்கு!" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். இவ கண்ணுக்கு எதுவும் தப்பாதுடா என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே சொன்னேன் சம்பந்தி, கேட்டானா?

இதுவரை நடந்ததற்குச் சிரித்திருப்பீர்கள். இனிமேல்தான் நீங்கள் வருகிறீர்கள்.

அந்தத் தட்டில் முக்க வீட்டிலிருக்கிற செருப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள். போன வருஷ மழையில் நீங்கள் வந்தபோது, "கால்ல கடிக்குது, நீங்க போட்டுக்குங்க"னு கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன பூட்ஸும் அதில் வந்துவிட்டது. உங்கள் தோப்புச் சேற்றோடு தந்தீர்கள். நானும் சம்பந்தி வீட்டுச் சேறாயிற்றே என்று கழுவாமல் அதைப் போட்டுக்கொண்டு என் தோப்பு முழுக்க நடந்தேன். அன்றைக்கு வாசலில் நின்று என் காதோரம் நீங்கள் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. "எங்க தோப்புல கொஞ்சம் செவந்து கெடக்கு. பொண்ணு காதுல போட்டுடாதீங்க, ரம்பத்தோட வந்து நிப்பா." நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இப்போது என் கழுத்தை இறுக்குகிறது.

பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் காய்ந்த சேறு. ஒரு குச்சியால் நோண்டி, அதிலிருந்து ஊசியிலைக் கொத்து ஒன்றை எடுத்தாள். "நம்ம மரத்துல ஒரு கொத்துக்கு ரெண்டு ஊசி. இதுல மூணு இருக்கே. இது யாரு பூட்ஸ் மாமா?" என்று கேட்டாள். நான் பழைய டிரைவர் இல்லையா சம்பந்தி, எத்தனை செக்போஸ்ட் பார்த்தவன்! முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல், "பழைய சாமான் கடையில வாங்கினேம்மா, சல்லிசா குடுத்தான்" என்றேன். அந்தக் கொத்தை ஒரு சின்னக் கவரில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நம்பிவிட்டாள். உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

காப்பாற்றியது தப்போ என்று அப்புறம்தான் தோன்றியது. மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: "நோய் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, அங்கயும் இங்கயும் சேர்த்து வைத்தியம் பார்க்கலாம் மாமா. கீழ்க்கிளையைக் கழிச்சு, நெருக்கத்தைக் குறைச்சு, காத்து புகுந்து காயவிட்டா மரம் பொழச்சுக்கும். எங்கேருந்துன்னே தெரியாட்டி, திரும்பத் திரும்ப வந்துட்டேதான் இருக்கும். எங்க மேலதிகாரி சரிவு மொத்தத்தையும் வெட்டி எரிக்கச் சொல்லிடுவார்." மேலதிகாரி இந்த வாரம் வருகிறாராம். வெட்ட வேண்டியவை என்று அடையாளம் காட்ட, என் மரங்களுக்கு இப்போதே வரிசையாகச் சிவப்புச் சாயத்தில் கோடு போட்டுவிட்டாள். நேற்று சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அதுகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். தையற்காரர்கூட வேலிக்கு வந்தார், கிண்டல் பண்ணாமல் போய்விட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்கு ரொம்பப் பயமாகிவிட்டது.

சம்பந்தி, நான் வாக்குக் கொடுத்தவன். வாயைத் திறக்க மாட்டேன். மரம் போனாலும் போகட்டும். ஆனால் போகாமல் இருந்தால் நன்றாயிருக்கும். அதனால் இந்தக் கடிதம் கண்டதும் நீங்களே போனை எடுத்து, "அம்மாடி, நம்ம தோப்புலயும் செவந்திருக்கு"ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆபீஸில் எத்தனை பேர் தப்பில் வட்டம் போட்டிருப்பீர்கள், இதில் ஒரு வட்டம் போடக் கூடாதா? நான் சொல்லித்தான் நீங்கள் சொன்னீர்கள் என்பது நமக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் மகளுக்கு ஒரு நாளும் தெரிய வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கட்டும். உங்கள் மரமும் என் மரமும் பச்சையாய் நின்று, நம் இரண்டு பேரையும் வழியனுப்பிவிட்டுத்தான் சாயட்டும்.

இப்படிக்கு,
வாய் திறக்காத உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை டீயோடு அந்தச் சின்னக் கவரையும் என் முன்னால் வைத்தாள் உங்கள் பொண்ணு. "ஏன் மாமா, அந்தப் பழைய சாமான் கடைக்காரரு எங்க அப்பா தோப்புக்கு எப்பப் போனாரு?" என்றாள். மூன்று ஊசி மரம் இந்த வட்டாரத்தில் உங்கள் தோப்பில் மட்டும்தானாம், அதற்கடியில்தான் அவள் நடை பழகினாளாம். நான் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். "அப்பா மரத்தை நான் வெட்டவா போறேன்? கழிச்சுவிடத்தானே போறேன். இதுக்கா ரெண்டு பெரியவங்க சேர்ந்து மறைப்பீங்க?" என்றாள். என் மரங்களின் சிவப்புக் கோடுகளை அழித்துவிட்டாள். இப்போது உங்கள் வீட்டுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், ரம்பத்தோடு. "தபால்ல எதுக்கு மாமா, நானே குடுத்துடறேன்"னு கடிதத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால் உறையை ஒட்டவில்லை, இனி ஒட்டி என்ன பிரயோஜனம்? வாசலில் ஒரு தட்டு மருந்துத் தண்ணீர் வைத்துவிடுங்கள். உங்கள் பூட்ஸைக் கழுவிக் காயவைத்து அவள் பையில் போட்டிருக்கிறேன். இனிமேல் அது உங்கள் காலையே கடிக்கட்டும்.