உலக முடிவை ஒத்திவைப்பவர்

உலகம் முடியும் நாளைக் குறித்துச் சொல்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. சொன்ன நாள் தவறியதும் வெட்கப்பட்டு ஊரைவிட்டுப் போகிறவர் ஒரு ரகம். அப்படி ஒருவரை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. சொன்ன நாள் தவறியதும், கையில் அடுத்த நாளோடு, முன்னைவிடக் கம்பீரமாக முன்வரிசையில் வந்து உட்காருகிறவர் இன்னொரு ரகம். நாம் பார்க்கப்போவது இவரைத்தான்.

எங்கள் ஊரான ஹியராப்போலிஸில் அவர் பெயர் சோத்திகோஸ். கம்பளிக்குச் சாயம் தோய்க்கும் பட்டறைக்காரர். கிறிஸ்துவை நம்பும் நாங்கள் முப்பது பேரும் ஞாயிறுதோறும் அந்தப் பட்டறை மாடியில்தான் கூடி அப்பம் பகிர்ந்து சாப்பிடுவோம். இடம் அவருடையது; ஆகவே விளக்கமும் அவருடையது. கர்த்தர் திரும்பி வருவார் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த வாரம் வருவார் என்பதில் சோத்திகோஸுக்கும் சந்தேகமில்லை.

முதல் வருஷம் திராட்சை அறுவடைக்கு முன் என்றார். அறுவடை முடிந்து, சாறு பிழிந்து, ஜாடிகளில் ஊற்றி, அதில் பாதியை அவரே குடித்தும் தீர்த்த பிறகு, "நான் எந்த வருஷத்து அறுவடைன்னு சொன்னேன்?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். அடுத்த வருஷம், நம்முடைய பாவம் வழியை மறித்துவிட்டது என்று சொல்லி, மறித்தது யார் என்பதுபோல் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, மனம் திரும்பாதவர்களுக்காகக் கர்த்தர் பொறுத்திருக்கிறார் என்றார். வருகையை உயிரோடு பார்ப்பார் என்று அவர் கைநீட்டிச் சொன்ன கிழவர் எர்மோகேனெஸ் செத்துப்போனபோது, கிழவர் சாகவில்லை, தூங்குகிறார் என்றார். போன வருஷம், கர்த்தர் ஏற்கெனவே உள்ளத்துக்குள் வந்துவிட்டார் என்றார். யாருடைய உள்ளத்துக்குள்? கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்க முடியாதவள் ஒருத்தி இருந்தாள். நெசவாளி மெனெக்ராத்தேஸின் மகள் அப்ஃபியா. கல்லறைப் பெட்டி செதுக்கும் த்ரோஃபிமோஸுக்கு அவளை நிச்சயம் செய்து ஆறு வருஷமாகிறது. ஒவ்வொரு வருஷமும் அவள் அப்பா, கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாமா என்று சோத்திகோஸிடம் வந்து நிற்பார்.

"எதுக்கு மெனெக்ராத்தேஸ், வீண் வேலை? நீ விருந்துக்கு ஆடு புடிச்சுக் கட்டறதுக்குள்ள கர்த்தரு வந்து நிப்பாரு."

அப்பா தலையாட்டிவிட்டுத் திரும்புவார். பதினாறில் நிச்சயமான பெண்ணுக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது. இந்த வருஷம் த்ரோஃபிமோஸின் அம்மா ஆள் அனுப்பிவிட்டாள்: அறுவடைக்குள் கல்யாணம், இல்லாவிட்டால் பக்கத்து ஊர் லவோதிக்கேயாவில் வேறு பெண் பார்த்துக்கொள்கிறோம். அன்றிலிருந்து அப்ஃபியாவுக்குச் சோறு இறங்கவில்லை. உலகம் முடியுமோ முடியாதோ, அவளுடைய உலகம் அறுவடையோடு முடியப்போவது நிச்சயம்.

அடுத்த ஞாயிறு காலை, அப்பம் கைமாறிக்கொண்டிருந்தபோது தரை ஆடியது. எங்கள் ஊரில் தரை ஆடுவது புதிதல்ல. ஆனால் இது ஆசைதீர ஆடியது. ஜாடிகள் உருண்டன, சுவரில் ஆள் நீளத்துக்கு வெடிப்பு விழுந்தது. எல்லோரும் மண்டியிட்டோம். பயமும் சந்தோஷமுமாக, 'இதுதானா?' என்று கேட்பதற்காகச் சோத்திகோஸ் பக்கம் திரும்பினோம். அவருடைய இடம் காலியாக இருந்தது.

ஜன்னலோரம் இருந்த அப்ஃபியா எட்டிப் பார்த்தாள். நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார் சோத்திகோஸ், கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பளி மூட்டைகளோடு. இரண்டும் உயர்ந்த சிவப்புச் சாயம் ஏற்றியவை.

ஆட்டம் நின்றது. மூச்சிரைக்க மாடியேறி வந்து, தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இது ஒத்திகை," என்றார்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் அப்ஃபியா.

"கேளும்மா."

"உலகம் முடியுதுன்னா கம்பளி மூட்டை எதுக்கு?"

சோத்திகோஸ் பதறவில்லை. இந்த ரகம் பதறுவதில்லை. "கர்த்தர் வந்து இறங்கினா காலடியில விரிக்க வேணாமா?"

"விரிக்கலையே மாமா. இறுக்கிக் கட்டிப் புடிச்சுக்கிட்டில்ல நின்னீங்க."

யாரோ சிரித்தார்கள். பார்த்தால், அவள் அப்பா. ஆறு வருஷமாகத் தலையை மட்டுமே ஆட்டத் தெரிந்த மனிதர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்பா, இன்னைக்கே போயி நாள் குறிச்சுட்டு வாங்க," என்றாள் அப்ஃபியா. "நடுவுல கர்த்தரு வந்துட்டா அவருக்கும் ஒரு ஆள் கணக்குச் சேத்து அப்பம் சுடுவோம். கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன்னு சொன்ன ஆளா அவரு?"

மெனெக்ராத்தேஸ் அன்று மதியமே த்ரோஃபிமோஸ் வீட்டுக்குப் போனார்.

கல்யாண விருந்துக்கு முதல் ஆளாக வந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? "நான் அன்னைக்கே சொன்னேன், எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்குன்னு," என்று கோப்பையை உயர்த்தினார் சோத்திகோஸ். "ஆறு வருஷத்துக்கு முன்னாடியே அவசரப்பட்டிருந்தா இந்தப் பக்குவம் வந்திருக்குமா?"

அப்ஃபியா த்ரோஃபிமோஸின் காதோர நரையைப் பார்த்தாள். அவளுக்கு நிச்சயமான அதே வருஷம் நிச்சயமான தோழிகள் ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மாமா, 'நான் தப்பாச் சொல்லிட்டேம்மா'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

சோத்திகோஸ் கோப்பையைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். வந்துவிடும் போலத்தான் இருந்தது.

"பாரும்மா," என்று ஆரம்பித்தார், "தப்புங்கறத நாம எப்படிப் புரிஞ்சுக்கணும்னா..."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் உலக முடிவுக்கு நாள் குறித்தவர் இல்லையே. இந்த வேலை முடியட்டும், இந்த வருஷம் போகட்டும், கொஞ்சம் பொறு என்று யாரோ ஒருவரை எங்கோ உட்காரவைத்துவிட்டு வந்தவராக மட்டும் இருக்கலாம். பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அப்ஃபியா கேட்ட அந்த வாக்கியத்தை வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சொல்லி முடித்த கையோடு 'ஆனால்' என்று ஒரு வார்த்தை நாக்கில் வந்து நின்றால் கவலை வேண்டாம். முன்வரிசையில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.